ஆற்றுப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு

1997-ஆம் ஆண்டு ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 7 மணி 25 நிமிடம். வானம் பாதி மூட்டம். வெப்பம் பதினைந்து டிகிரி. மழை வராது என்று வானொலியில் சொன்னார்கள். நான் குடை எடுத்துக்கொண்டேன். மொன்ட்ரியால் நகரின் வில்லரே பகுதியில், நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால், ஒரு மேப்பிள் மரத்தடியில் நானும் என் மகள் மீராவும் நின்றுகொண்டிருந்தோம். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஒரு கையில் எவர்சில்வர் பாத்திரம், மறு கையில் கேம்பிங் ஸ்டவ். என் கையில் ஒரு லிட்டர் பால், பூஜை சாமான் பை, குடை.

“வண்டி வரட்டுமேப்பா. உள்ளயே உக்காந்திருக்கலாம்ல?” என்றாள்.

“ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டா பயணம் தொடங்கிட்டதாக் கணக்கு.”

“மரத்தடியில நிக்கறதெல்லாம் பயணமா?”

“தாண்டியாச்சு இல்ல? அவ்வளவுதான்.”

நாயைக் கூட்டிக்கொண்டு போன எதிர்வீட்டுக் கிழவர் புடவையைப் பார்த்து நின்று, “போன்ழூர்!” என்று தொப்பியைத் தூக்கினார்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த அவசரம் விளங்க வேண்டுமானால் இந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மொன்ட்ரியாலில் அனேகமாக எல்லா வாடகை ஒப்பந்தங்களும் ஜூன் 30-ஆம் தேதி முடியும். ஜூலை முதல் தேதி பாதி நகரம் வீடு மாறும். தெருவுக்குத் தெரு லாரி, நடைபாதை முழுக்கக் கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி. இந்த ஜூலை முதல் தேதி நமக்கு ஆனி மாதத்தில் விழுகிறது. ஆனியில் புதுமனை புகுவதில்லை. அடுத்தது ஆடி, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆவணி பிறக்க ஆகஸ்ட் பாதி ஆகிவிடும்.

மீராவும் மாப்பிள்ளை ரகுவும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ப்ரொஸார் என்ற புறநகரில், எட்டு வீடுகள் ஒட்டிக் கட்டிய வரிசை ஒன்றில், ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். விலை 1,04,000 டாலர். வீடு ஜூன் கடைசியில்தான் கைக்கு வரும். அவர்கள் இப்போது இருக்கும் மூன்றாம் மாடியை ஜூலை முதல் தேதியிலிருந்து வீட்டுக்காரர் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கீழ்த்தளத்தில் மனைவி காலமான பின் நான் தனியாக இருப்பது ‘இரண்டரை’ வீடு. குளியலறையை அரை என்று எண்ணும் ஊர் இது. மற்ற இரண்டு அறைகளில் என் புத்தகங்கள் போக ஒரு மெத்தை விரிக்கலாம். ஆகவே வைகாசி முடிவதற்குள் அந்த வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். காய்ச்சிவிட்டால் பிறகு எந்த மாதத்திலும் சாமான் ஏற்றிக்கொண்டு போகலாம்.

காய்ச்சாவிட்டால்? ரகு அதற்கும் வழி வைத்திருந்தார். “ஆறேழு வாரம்தானே மாமா. டொராண்டோல அண்ணன் ஆனந்த் வீட்ல இருந்துட்டு ஆவணில வந்துடறோம்.” என்னை அவசரப்படுத்தியது அந்தப் பேச்சுதான். டொராண்டோ 540 கிலோமீட்டர். ரகுவுக்கு அங்கே வேலை கொடுக்க ஒரு கம்பெனி காத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த மாகாணம் பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்ததிலிருந்து, கோடைக்கு டொராண்டோ போய்வருகிறோம் என்று கிளம்பி அங்கேயே தங்கிவிட்டவர்களில் எனக்குத் தெரிந்தே பதினொரு குடும்பம். ப்ரொஸாரோ பத்தொன்பது கிலோமீட்டர். இரண்டு எண்களையும் நான் பல இரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ரகுவுக்கு லீவு கிடைப்பது வெள்ளிக்கிழமைதான். அது எங்களுக்கு அஷ்டமி. வண்டிக்கார அந்தோனிக்கோ அது பதின்மூன்றாம் தேதி வெள்ளி. அன்று பாலம் தாண்ட மாட்டேன் என்றார். ஆக, வளர்பிறை, பூசம், திங்கட்கிழமை. காலை ஒன்பதுக்கு ராகு காலம் முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் தொடங்குகிறது. இடையில் ஒன்றரை மணி நேரம். தம்பதியாக நின்று காய்ச்ச வேண்டுமே என்றேன். “ஒன்பதரைக்கு சைட் ஆபீசுக்குப் போன் பண்றேன் மாமா, போன்ல நிக்கறேன்” என்றார் மாப்பிள்ளை.

காலை 7.50. அந்தோனி வந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், நாற்பது வயது. ஜான்-டலோன் சந்தையிலிருந்து உணவகங்களுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுகிறவர். திங்கட்கிழமைகளில் ப்ரொஸாருக்கும் போவார் என்பதால் இருபத்தைந்து டாலருக்குப் பேசியிருந்தேன்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. கொத்தமல்லி வரப் பிந்திப் போச்சு.”

“எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?”

“ஏழு இருவதுக்கு.”

“இப்போ ராகு காலத்துல வண்டி ஏற வேண்டியதாப் போச்சு.”

“நாங்க ஏழு இருபத்தஞ்சுக்கே கிளம்பியாச்சு அண்ணே” என்றாள் மீரா.

“எங்க தங்கச்சி, இந்த மரத்தடி மட்டுமோ?” என்று சிரித்துக்கொண்டே ஸ்டவ்வை வாங்கிப் பின்னால் வெண்டைக்காய்ப் பெட்டிமேல் வைத்தார். முன் இருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். கண்ணாடிக்குக் கீழே ஒரு அந்தோனியார் சொரூபம் ஆடிக்கொண்டிருந்தது.

“உங்கட பஞ்சாங்கம் சரியான கண்டிப்பு ஐயா. எங்களுக்கெண்டால் பாதர் வந்து தண்ணி தெளிச்சாக் காணும்.”

“நீங்களும் பதிமூணாம் தேதி வர மாட்டேன்னீங்களே?”

“அது வேற, ஐயா. அது கவனம்.”

நகரை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் அந்தோனி தன் கதையையும் சொல்லிவிட்டார். மைத்துனர்கள் நாலு பேரும் டொராண்டோ போய்விட்டார்கள். மனைவியும் போவோம் என்கிறார். “எனக்கு இந்த மார்க்கெட்டை விட்டா என்ன தெரியும்? அங்க போய் ஆரோட கதைக்கிறது?” அவர் போகக்கூடாது என்று மனதில் நினைத்துக்கொண்டேன், காரணம் சுயநலம்.

காலை 8.22. சாம்ப்ளேன் பாலம். அணுகுபாதைகளோடு சேர்த்து மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கீழே செயின்ட் லாரன்ஸ் ஆறு. ஆறு என்று சொல்லக் கூசும் அகலம். நாங்கள் போகும் திசையில் பாதை காலியாக இருந்தது. எதிர்த் திசையில், நகருக்குள் வரும் மூன்று வரிசைகளும் அசையாமல் நின்றன. காப்பிக் குவளையோடு சிலர், கண்ணாடி பார்த்து முகச்சவரம் செய்துகொண்டு ஒருவர். அக்கரையில் வீடு வாங்கியவர்களின் காலை நேரம் அது. மாப்பிள்ளையை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வந்தது.

இந்தப் பாலம் திறந்தது 1962-ல். அதற்கு முன் ப்ரொஸார் என்பது சோளக் கொல்லையும் பால் மாடுகளும்தான். பாலத்தின் வழியாக முதலில் சாலை வந்தது, சாலையின் இரு மருங்கிலும் கார் விற்கும் கடைகள் வந்தன, அவற்றின் பின்னால் வீடுகள். நான் இந்த நாட்டுக்கு வந்த 1969-ல் ஒருமுறை நண்பரோடு வந்தபோது தெருவிளக்கே அரிதாக இருந்தது. இப்போது சீனர்கள், வியட்நாமியர்கள், லெபனானியர்கள், நம்மவர்கள் எல்லாரும் இங்கே வருகிறார்கள். ஊரை எழுத்து எழுத்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் எல்லாத் தெருவின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். வழி தவறினால் எந்த எழுத்தில் இருக்கிறோம் என்று பார்த்தால் போதும். இப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. கணிதம் கற்பித்துப் பிழைத்தவனுக்கு இது ஒரு சந்தோஷம்.

ஆனால் நடைபாதை இல்லை. தெருமுனைக் கடை இல்லை. வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடிக்குள் மூன்று ‘டெபனர்’ கடைகள் உண்டு. பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டு எதுவும் இரவு பதினொன்று வரை கிடைக்கும். இங்கே எட்டு தெரு தாண்டியும் ஒரு கடைகூட என் கண்ணில் படவில்லை. இதை அப்போது சும்மா கவனித்தேன்.

காலை 8.35. வண்டியின் மீட்டரில் 19.4 கிலோமீட்டர். இறங்கினோம். “பத்தரைக்கு வாறன் ஐயா” என்று அந்தோனி காய்கறி இறக்கப் போய்விட்டார்.

சேறு காய்ந்த ஒரு தெரு. ஒரு பக்கம் செங்கல் முகப்போடு எட்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. கதவு எண்கள் இன்னும் பொருத்தவில்லை. வீட்டுக்கு ஒன்றாகக் குச்சியில் கட்டிய மரக்கன்றுகள். புல்லைப் பாய்போலச் சுருட்டி அடுக்கி வைத்திருந்தார்கள்; விரித்தால் தோட்டம். தெருவின் ஒரு முனையில் பெரிய சாலை, மறுமுனையில் ஆறு. ஆற்றோரம் கப்பல் கால்வாய் ஓடுகிறது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் தெரியவில்லை. புல்மேட்டுக்கு மேலே ஒரு சரக்குக் கப்பலின் மேல்பாதி மட்டும் மெதுவாக நகர்ந்து போனது. “தரையில போற மாதிரி இருக்குப்பா” என்றாள் மீரா. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாயிற்று.

கட்டட மேஸ்திரி ஹசன் என்பவர். துருக்கி நாட்டு இஸ்மிர் நகரத்தார், ஐம்பது வயது, நரைத்த மீசை. ரகு முன்னரே போனில் அனுமதி வாங்கியிருந்தார். இந்த நிலையில் வாங்கியவர்களை உள்ளே விடுவது வழக்கமில்லையாம். என்னை ‘அம்ஜா’ என்று அழைத்தார். அவர்கள் மொழியில் சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அதுதான். ஒன்பது மணிவரை உள்ளே போகமாட்டோம் என்று நான் சொன்னதும் காரணம் கேட்கவில்லை. தன் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரட்டைக் கெண்டியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

“எங்கள் பக்கமும் இப்படித்தான் வளர்ந்தது அம்ஜா. இஸ்மிரில் ஒரு வளைகுடா. நகரம் இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். படகில் போகவேண்டும். என் அப்பாவுக்கு இருபத்தாறு மாண்டரின் ஆரஞ்சு மரம் இருந்தது.”

“இப்போது?”

“இப்போது ஐந்து மாடி. காண்ட்ராக்டர் வந்து, நிலத்தைக் கொடு, காசு தரமாட்டேன், கட்டி முடித்ததும் இரண்டு வீடு தருகிறேன் என்றான். அப்பா கொடுத்தார். முதல் வருஷம் பால்கனியில் உட்கார்ந்தால் கடல். பிறகு முன்னால் ஒரு கட்டடம் வந்தது. பிறகு கடலையே கொஞ்சம் தூர்த்துச் சாலை போட்டார்கள். இப்போது அம்மா பால்கனியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுக்காரி என்ன சமைக்கிறாள் என்று தெரியும்.”

“அவர்களுக்கு வருத்தமா?” என்று மீரா கேட்டாள்.

“வருத்தமா? கடலோடு பேச முடியாது. எதிர்வீட்டுக்காரியோடு நாள் முழுக்கப் பேசுகிறாள்!”

சென்னையில் திருவான்மியூரில் என் தம்பியும் இதே முறையில் மனையைக் கொடுத்து இரண்டு ஃப்ளாட் வாங்கியதைச் சொன்னேன். அவன் தெருவில் வீட்டு எண்கள் கடற்கரையிலிருந்து தொடங்கும் என்பதையும் சொன்னேன். ஹசன் தலையாட்டினார். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகைக்கு, மூன்றரை அறை. “நான் கட்டுகிற வீட்டில் எனக்கு எப்போதும் மூக்கில் தூசிதான் ஞாபகம் வருகிறது. அதில் எப்படித் தூங்குவது?” என்றார். ஒன்பது அடித்தது. இரண்டு மஞ்சள் ஹெல்மெட் எடுத்துக் கொடுத்து, “மூன்றாவது வீடு. திறந்திருக்கிறது. நான் கதவுகள் வந்த லாரியை இறக்கிவிட்டு வருகிறேன்” என்று போனார்.

காலை 9.05. பூ வைத்த தலைக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு மீரா முன்னால் நடந்தாள். நான் ஆற்றுப் பக்க முனையிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வலது காலை வைத்து நுழைந்தோம். தரை முழுக்க ஆணி கிடந்ததால் செருப்பைக் கழற்றக் கூடாது என்பது ஹசனின் கண்டிப்பான உத்தரவு. காலணியோடு பால் காய்ச்சியவர்கள் எங்கள் குலத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

வெள்ளைச் சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகைத் தரை. சமையலறை என்பது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய்கள். மீரா நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

“அப்பா, மாடல் வீட்டுல ஜன்னல் இடது பக்கம் இல்ல இருந்தது?”

“ஒட்டு வீட்டுல ஒண்ணுவிட்டு ஒண்ணு கண்ணாடியில பார்க்கற மாதிரி மாத்திக் கட்டுவாங்க. நேரம் ஆகுது, பத்த வை.”

சூடம் ஏற்றினோம். 9.31-க்குப் பால் பொங்கியது. நன்றாக, நாலு பக்கமும் வழிந்து பொங்கியது. மீரா கைகூப்பி நின்றாள். எனக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. காகிதக் குவளைகளில் ஊற்றி, ஹசனுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவர் தெருவின் மறுமுனையிலிருந்து மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

“அம்ஜா! உங்கள் மருமகன் போனில் காத்திருக்கிறார். வீடு முழுக்கத் தேடினேன். நீங்கள் ஏன் அந்த வீட்டிலிருந்து வருகிறீர்கள்?”

“மூன்றாவது வீடு என்று சொன்னீர்களே?”

“மூன்றாவதுதான். அது ஆறாவது.”

அவர் எண்ணியது பெரிய சாலையிலிருந்து. இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். வீட்டுக்கு ஆள் வருவதும் தபால் வருவதும் சாலையிலிருந்துதானே? தண்ணீர்ப் பக்கம்தான் தொடக்கம் என்று திருவான்மியூர்க் கணக்கில் நடந்தவன் நான் ஒருவனே. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறாய் என்று முதலில் கேள் என்று சொல்லிக்கொடுத்தவன்.

மீரா நேரே கொட்டகைக்குப் போய்ப் போனை எடுத்தாள். ரகுவின் குரல் எனக்கும் கேட்டது. “என்ன, பொங்கிடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“மணி பத்தாகப் போகுதே? முடியலைன்னா விடு மீரா. டென்ஷன் ஆகாத. ஆனந்த் அண்ணன்கிட்ட சொல்லிடறேன், ஆவணில பாத்துக்கலாம்.”

“அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. போனை வை, வேலையைப் பாரு.”

மணி 9.48. பால் வேண்டும். மிச்சமிருந்தது வேறு வீட்டில் பொங்கிய பால். அதை மறுபடி வைக்க முடியாது. மிக அருகில் உள்ள கடை இரண்டரைக் கிலோமீட்டர். அந்தோனி வர இன்னும் நாற்பது நிமிடம். ஹசன் இடத்தை விட்டு நகர முடியாது. பால் மாடு மேய்ந்த மண்ணில் ஒரு குவளைப் பால் கிடைக்காமல் நின்றோம். நடந்தே போய்வருகிறேன் என்று நான் குடையை எடுத்தேன். “உங்க முழங்காலுக்கு அது ஒரு மணி நேரம்பா” என்று அவள் பிடுங்கி வைத்தாள்.

ஹசன் இதற்குள் அந்த ஆறாவது வீட்டுக்குள் போய், வழிந்த பாலின்மேல் மரத்தூளைக் கொட்டித் துடைத்துவிட்டு வந்தார். “எங்கள் ஊரில் புது வீட்டுக்கு ஆட்டுக்கிடா வெட்டுவார்கள். பால் பரவாயில்லை, கறை போகும். கவலைப்படாதே அம்ஜா, அந்த வீடு இன்னும் விற்கவில்லை.”

காலை 10.12. தெருவில் ஹாரன் சத்தம். வேலையிடங்களுக்கு வந்து காப்பி விற்கும் கேன்டீன் லாரி. எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு வந்தார்கள். மீரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். லாரிக்காரர் பிரெஞ்சுக்காரர், அவள் இந்த ஊரில் படித்தவள், அவரோடு படபடவென்று பேசினாள். பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது. சாக்லேட் பால் உண்டு. அவள் அதைக் கையில் வாங்கி ஒரு கணம் யோசித்தாள்.

“வேண்டாம்” என்றேன்.

“பால்தானேப்பா...”

“பழுப்பா இருக்கும். வேண்டாம்.”

காப்பிக்கு ஊற்றிக்கொள்ளும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணத்துக் கிரீம் ஒரு பெட்டி இருந்தது. அதைத் தரமாட்டேன் என்றார் லாரிக்காரர். ஒரு காப்பிக்கு இரண்டு கிண்ணம், அதுதான் கணக்கு. கிரீமை விற்றுவிட்டால் அடுத்த இடத்தில் காப்பி யார் குடிப்பார்? நியாயமான பேச்சு. “அப்படியானால் எல்லாருக்கும் நான் காப்பி வாங்குகிறேன்” என்றேன். மீரா அதைப் பிரெஞ்சில் அறிவித்தாள்: இந்தக் கிழவர் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தருகிறார், ஆனால் கிரீம் எங்களுக்கு. முதலில் சிரித்தார்கள். ஏன் என்று ஒருவர் கேட்டார். புது வீட்டில் பால் பொங்கவேண்டும் என்றாள். கூரை போடுகிற ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, தன் பாட்டியார் வீடு மாறும்போதெல்லாம் முதலில் ரொட்டியும் உப்பும்தான் கொண்டுபோவார் என்று சொல்லி, தன் இரண்டு கிண்ணங்களையும் நீட்டினார். பிறகு எல்லாரும் கொடுத்தார்கள். பதின்மூன்று காப்பி. ஒரே ஒரு இளவட்டம் மட்டும், கறுப்பாகக் குடித்தால் வயிறு எரியும் என்று ஒரு கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆக இருபத்தைந்து.

காலை 10.33. சாலைப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு. ஜன்னல் இடது பக்கம் இருந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எமகண்டம் தொடங்கி மூன்று நிமிடம்.

“போச்சு” என்றேன்.

“அப்பா, சூரிய உதயத்துலேர்ந்துதான் கணக்குப் பண்ணணும்னு நீங்கதானே எப்பவும் கோயில்ல சண்டை போடுவீங்க?”

உண்மைதான். காலண்டரில் அச்சடித்திருப்பது ஆறு மணிக்கு உதயமாகும் நாளுக்கான நேரம். இங்கே ஜூன் மாதத்தில் சூரியன் ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கே வந்துவிடும். பகலின் நீளம் பதினைந்தரை மணிக்கு மேல். அதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடம். திங்கட்கிழமை எமகண்டம் நாலாவது பங்கு. சுவர்ப் பலகையில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 10.56-க்குத்தான் தொடங்குகிறது.

“ஆனா அந்தக் கணக்குப்படி ராகு காலம் ஏழு மணி மூணு நிமிஷத்துக்கே ஆரம்பிச்சிருக்கும். நாம வாசலைத் தாண்டினது ஏழு இருபத்தஞ்சு.”

“அதை இப்ப யாருப்பா கேட்டா?” என்றாள்.

கிண்ணங்களின் மூடியை நான் பிரித்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக ஊற்றினாள். பத்தாவது பன்னிரண்டாவது கிண்ணத்தில், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, “வில்லரே வீட்டுக்குப் போறப்ப நாங்க காய்ச்சலைப்பா” என்றாள்.

“ஆமா. கல்யாணம் ஆன வருஷம். ஜூலை ஒண்ணு.”

“ஆனின்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் சிரிச்சேன்.”

“அதுல ஒண்ணுமில்லம்மா.”

“ரெண்டு தடவை ஆயிடுச்சு” என்றாள்.

எது இரண்டு தடவை என்று அவள் சொல்லவில்லை. இரண்டு தடவையும் மருத்துவமனையில் பிரசவப் பகுதிக்கு வெளியே, பெயர் வைக்கக் குழந்தை இல்லாமல் அவளை வீட்டுக்குக் கூட்டிவர, உட்கார்ந்திருந்தவன் நான். படித்தவன் என்ற முறையில், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் அடுத்த மூடியைப் பிரித்தேன். மூடி வெடுக்கென்று பிரிந்ததில் பாதி கிரீம் அவள் புடவையில் கொட்டியது. “பரவால்லப்பா” என்றாள்.

கிரீம் என்பது பால் ஆகுமா என்ற சந்தேகம் எனக்கு அடுப்பு பற்ற வைத்த பிறகுதான் வந்தது. பசுவிலிருந்து வருவது, கொழுப்புக் கூட, அவ்வளவுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். கொழுப்பு கூட என்பதால் அது பாலைவிட வேகமாக எழுந்தது. 10.44. பாத்திரத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு வழிந்தது. வாசலில் காப்பிக் குவளையோடு நின்றிருந்த ஹசனும் கூரைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கைதட்டினார்கள். மீரா ஹெல்மெட்டோடு கைகூப்பி நின்றாள். கண்ணைத் திறக்க அவளுக்கு நேரம் பிடித்தது. நான் வெளியே போய்ப் புல்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பல் ஒன்றும் இல்லை.

காலை 11.05. அந்தோனி அரை மணி பிந்தி வந்தார். நடந்ததைக் கேட்டு வண்டியின் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“அப்ப அங்கால ஒரு வீட்டில பால் சும்மா காய்ச்சிக் கிடக்குதோ?”

“ஆமா. வேணும்னா நீங்க வாங்கிக்கலாம்” என்றாள் மீரா.

“பாதரின்ர தண்ணி மட்டும்தான் மிச்சம்” என்றவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்ன விலையாம்?” என்று கேட்டார். மேஸ்திரிக்கு விலை தெரியாது. விற்பனை அலுவலகத்தின் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். அந்தோனி அதைச் சட்டைப் பையில் வைத்தார். வாங்குவார் என்று நான் சொல்லவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.

புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். நிழல் இல்லை, கடை இல்லை, மனிதர் நடமாட்டம் இல்லை. மரக்கன்றுகள் நிழல் தர இருபது ஆண்டு ஆகும். அதைப் பார்க்க நான் இருக்கப் போவதில்லை. திருவான்மியூரும் என் தம்பி மனை வாங்கிய புதிதில் வெறும் மணலும் சவுக்கும்தான். இருட்டினால் ஆட்டோ வராது. இன்று அங்கே நடக்க இடமில்லை. ஹசனின் கரையும் அப்படித்தான் நிரம்பியிருக்கிறது. ஊர் என்பது முதலில் இப்படி ஒரு பொட்டலாகத்தான் இருக்கும்போல. யாராவது நாலு பேர் துணிந்து வந்து அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல் இல்லை. மீரா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாலையில் ரகு வந்ததும் வராததுமாகக் கீழே என் வீட்டிலிருந்துதான் டொராண்டோவுக்குப் போன் செய்தார். “இல்லைண்ணா, வரலை. வீடு ரெடி. நீங்கதான் வரணும்” என்றார். அந்த நேரத்தில் நான் மேசையில் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வண்டிக்கு 25.00. அடுப்புக்கு எரிவாயுக் குப்பி 6.49. பூஜை சாமான் 7.25. பால் 1.39, இதை யார் வீட்டுக்குச் செலவு என்று எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே பால் என்று எழுதினேன். காப்பி பதின்மூன்று, ஒன்றுக்கு எண்பது சென்ட் வீதம் 10.40. இதுவரை தினமும் மூன்று மாடி இறங்கி என்னிடம் வந்த மகள், 540 கிலோமீட்டர் போகாமல் பத்தொன்பது கிலோமீட்டர் மட்டும் தள்ளிப் போவதற்கு எனக்கு ஆன செலவு, மொத்தம் ஐம்பது டாலர் ஐம்பத்து மூன்று சென்ட்.